பிரியோராத் மலைகளில் சைக்கிள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கத்தலோனியாவின் தெற்கே, தாராகோனா மாகாணத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் திராட்சை மலைநாடு பிரியோராத். ஸ்பெயினில் ஒயினுக்கான மிக உயர்ந்த தரச்சான்று பெற்றவை இரண்டே வட்டாரங்கள். ஒன்று ரியோஹா, மற்றது இது. பெயரே மடத்திலிருந்து வந்ததுதான். எஸ்காலாதேய் மடத்தின் தலைவரான ‘பிரியோர்’ ஆண்ட நிலம் பிரியோராத் ஆயிற்று.

வரைபடத்தில் பார்த்தால் ஊருக்கு ஊர் ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். இந்த நாட்டில் பெரிய மலை ஏற்றம் என்று எதுவும் இல்லை, ஆனால் ஏற்றம் ஓய்வதும் இல்லை. ஊர்கள் மேட்டில், ஆறுகள் பள்ளத்தில், சாலை இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் திட்டம் போடும்போது கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு மொத்த ஏற்றத்தைக் கூட்டுங்கள். முதல் நாளுக்கு 700, 800 மீட்டர் ஏற்றம் போதும். அதற்கே நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எப்போது போவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். இங்குள்ள மண் மண்ணே அல்ல, ‘யிகொரெல்யா’ என்கிற கருஞ்சிலேட்டுக் கல்லின் சில்லுகள். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சாலையோரமாகத் திருப்பி அடிக்கும். திராட்சைக்கு நல்லது, ஓட்டுகிறவருக்கு அல்ல. கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாள்களில் மொன்சான் மலைப்பகுதிக்குள் நுழைவதற்கே தடை வருவதுண்டு.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். பார்க்க அழகு. ஆனால் குறுகிய வளைவில் திராட்சை ஏற்றிய டிராக்டர் திடீரென்று எதிரே நிற்கும். டயர்கள் இழுத்து வந்த மண்ணும் நசுங்கிய பழமும் தாரின் மேல் வழவழவென்று படிந்திருக்கும். இலையுதிர்காலச் சனி, ஞாயிறுகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். சாலையோரத்தில் ‘பத்துதா’ என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பக்கம் மண்பாதையில் இறங்காதீர்கள்.

இன்னொன்று காற்று. வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக வீசும் நாளில், திறந்த மேட்டு விளிம்புகளில் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். முன்சக்கரத்தில் ஆழமான ரிம் வேண்டாம் என்பது இதனால்தான்.

எங்கே தங்குவது, எப்படிச் சேர்வது

வட்டாரத்தின் தலைநகர் ஃபல்செத், 364 மீட்டர் உயரம். பார்சலோனாவிலிருந்து தாராகோனா, ரெயுஸ் வழியாக வரும் ஆர்15 ரயில் மார்சா-ஃபல்செத் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து ஊர் சிறிது தூரம். பிராந்திய ரயில்களில் இடமிருந்தால் சைக்கிளை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். தண்டவாள வேலைக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடும் நாள்களில் அது நடக்காது. கிளம்புவதற்கு முன்தினம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் வாடகைக்கு வேண்டுமென்றால் கடற்கரை ஊரான காம்ப்ரில்ஸ்தான் வசதி. குளிர்காலப் பயிற்சிக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஓட்டுகிறவர்கள் வந்து குவியும் ஊர் அது. ஆனால் தினமும் கடற்கரையிலிருந்து மலையேறி வந்து திரும்புவது புதியவருக்குச் சரிப்படாது. வண்டியை அங்கே எடுத்துக்கொண்டு ஃபல்செத்தில் தங்குங்கள்.

வண்டி: கியரில்தான் எல்லாம் இருக்கிறது

முன்னால் 50/34 பல், பின்னால் 11–34 பல் கேசட் (பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதி). வாடகைக் கடையில் இதைச் சொல்லியே கேளுங்கள். ‘28 போதும்’ என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய காலுக்குப் போதும் என்று பொருள்.

கணக்கு இதுதான். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, சரிவு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால், 34-க்கு 34 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 34 பல்) வேகம் மணிக்கு ஏறக்குறைய 9 கி.மீ., அதற்குச் சுமார் 165 வாட் வேண்டும். அதே மிதிப்பை 34-க்கு 28-இல் வைத்தால் வேகம் மணிக்கு 10.7 கி.மீ., தேவை 200 வாட். ஓரளவு பழகிய கால் 165-ஐ அரை மணி தாங்கும். 200-இல் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். பிறகு மிதிப்பு 50-க்கு இறங்கி முழங்கால் வலிக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த முழங்கால்தான்.

டயர் 28 மி.மீ. அல்லது 30. எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு 28-இல் காற்றழுத்தம் 70 முதல் 75 பிஎஸ்ஐ, மழையென்றால் ஐந்து குறைத்துக்கொள்ளலாம். பிரேக் பேடை டார்ச் அடித்துப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேலிருக்கும் பொருள் அரை மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஒரு மி.மீ. இருந்தாலே கூட மலைக்குப் போகும்முன் மாற்றச் சொல்லுங்கள்.

இந்தியா, இலங்கை, பிரிட்டன் பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஐரோப்பாவில் முன்பிரேக் இடது கையில் இருக்கும். நம் பழக்கத்தில் அது வலது கை. இறக்கத்தில் பதறிப்போய் ‘பின்பிரேக்’ என்று நினைத்து இடதை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். காலி மைதானத்தில் பத்து நிமிடம் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்து விரலுக்குப் பழக்குங்கள். வாடகைக் கடையில் கேட்டால் மாற்றியும் தருவார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் வேலை அதிகம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பையில் போட வேண்டியவை: டியூப் இரண்டு, ஒட்டுப் பொட்டலம், டயர் லீவர் இரண்டு, கைப் பம்ப், செயின் கழற்றும் வசதியுள்ள மல்டி-டூல், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, பின் டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டகத்தோடு பிணைக்கும் துண்டு) ஒன்று, கிழிந்த டயருக்கு உள்ளே வைக்க பழைய டயரின் ஒரு துண்டு. மலை ஊர்களில் உதிரிப்பாகம் கிடைக்காது. ஒரு ஹேங்கர் வளைந்தால் ரெயுஸ் வரை போக வேண்டும்.

முதல் நாள்: ஃபல்செத் – எஸ்காலாதேய், போய்த் திரும்ப

ஏறக்குறைய 50 கி.மீ. வட்டப் பாதைகள் இருக்கின்றன, ஆனால் முதல் நாள் போன வழியே திரும்புவதுதான் புத்திசாலித்தனம். முடியாது என்று தோன்றும் இடத்தில் திரும்பிவிடலாம், வளைவுகளும் ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும்.

காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். ஊரைவிட்டு வெளியேறியதும் டி-710 சாலை சியுரானா ஆற்றுக்கு இறங்கும். குளிர்ந்த உடம்போடு இறக்கம், மேல்சட்டை தேவைப்படும். பாலம் தாண்டியவுடன் கிராதல்யோப்ஸ் ஊருக்கு ஏற்றம். கியரை ஏற்றம் தொடங்குமுன் மாற்றுங்கள். மிதியை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும், சிலசமயம் அறுந்தேவிடும். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம்.

இருபுறமும் சாலையை ஒட்டிச் செங்குத்தான சரிவுகளில் கொடிகள் நிற்கும். கம்பிப் பந்தல் கிடையாது, முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் கட்டைகள். கர்னாச்சா, கரின்யேனா இரண்டும்தான் இங்கத்திய பழைய ரகங்கள். இப்படிப்பட்ட சரிவுகளை ‘கோஸ்தெர்ஸ்’ என்கிறார்கள். டிராக்டர் ஏற முடியாத இடங்களில் கோவேறு கழுதையை வைத்து உழுவதை இன்றும் காணலாம்.

கிராதல்யோப்ஸ் தாண்டி மறுபடி இறக்கம், லா விலெல்யா பாஷா வரை. ஆற்றங்கரைப் பாறைமேல் வீடுகளை அடுக்கடுக்காக எழுப்பியிருப்பதால் ‘பிரியோராத்தின் நியூயார்க்’ என்று கேலியாகச் சொல்வார்கள். ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. ‘நோ பொதாப்லெ’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது, தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

இங்கிருந்து லா விலெல்யா ஆல்தா வழியாக எஸ்காலாதேய் வரை தொடர்ந்து ஏற்றம். பார்வைக்குச் சமதளம் போலத் தெரியும் இடங்களிலும் ஏறிக்கொண்டுதான் இருப்பீர்கள். வேகம் குறைகிறதே என்று பிரேக் உரசுவதாகச் சந்தேகப்பட்டு இறங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. எதிரே மொன்சான் பாறைச்சுவர் பெரிதாகிக்கொண்டே வரும்.

தெம்பு மிச்சமிருந்தால் அந்தச் சுவரின் அடியில் 743 மீட்டரில் இருக்கும் லா மொரேரா வரை ஏறலாம். முதல் நாளில் மிச்சமிருக்காது.

மடத்தில்

எஸ்காலாதேய் என்றால் ‘இறைவனின் ஏணி’. பைன் மரத்தின் மீது சாய்த்த ஏணியில் தேவதூதர்கள் ஏறுவதை ஒரு ஆட்டிடையன் கண்டான் என்பது தலபுராணம். 1194-இல் தொடங்கிய இது, ஐபீரியத் தீபகற்பத்தின் முதல் கார்த்தூசிய மடம். தெற்கு பிரான்ஸிலிருந்து வந்த துறவிகளோடு திராட்சை வளர்ப்பு நுட்பமும் வந்தது. 1835-இல் அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்தபோது துறவிகள் வெளியேறினார்கள், கட்டடம் சூறையாடப்பட்டது. இன்று நிற்பது இடிபாடுதான். ஒரு துறவியின் அறையை மட்டும் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள். கார்த்தூசியர்கள் தனித்தனியே, மௌனமாக வாழ்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வீடு, சுவர் சூழ்ந்த ஒரு தோட்டம், சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகச் சுவரில் ஒரு பொந்து.

நடைமுறை விஷயங்கள்: திங்கட்கிழமை வருவதைத் தவிருங்கள். மதியம் மூடும் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். கிளீட் (மிதியில் பூட்டிக்கொள்ளும் அடித்துண்டு) வைத்த காலணியோடு கல்தளத்தில் நடந்தால் வழுக்கும், கிளீட்டும் தேயும். மெல்லிய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி முதுகுப் பையில் இருக்கட்டும். அரை மணிக்கு மேல் உட்கார்ந்துவிட்டால் கால் இறுகும். துறவிகள் ஒதுக்குப்புறத்தையும் தண்ணீரையும் பார்த்து மலையடிவாரத்தில் மடம் கட்டினார்கள், சைக்கிள்காரர்களின் வசதியைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் முதலில் நீண்ட இறக்கம், அப்புறம் கிராதல்யோப்ஸ் ஏற்றம், கடைசியாக ஆற்றிலிருந்து ஃபல்செத்துக்கு ஏற்றம். காலையில் சுகமாக இறங்கி வந்தீர்களே, அதே சாலைதான். அதற்காகத் தண்ணீரும் தின்பண்டமும் எடுத்து வையுங்கள்.

இறக்கம்

புதியவர்கள் விழுவது ஏற்றத்தில் அல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்குப் பின் சிலேட்டுச் சில்லுகள் சரிந்து வந்து, வளைவின் உட்புறத்தில் விசிறிபோலப் பரவிக் கிடக்கும். கறுப்புத் தாரில் கறுப்புக் கல், நிழலில் சுத்தமாகத் தெரியாது. ஆகவே உள்விளிம்பை ஒட்டித் திரும்பாமல், உங்கள் பாதையின் நடுவிலேயே திரும்புங்கள்.

வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு, மூன்று முறை அழுத்தி விடுங்கள். தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் சூடேறி, பேட் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். கிறீச்சிட ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி, நின்று ஆறவிடுங்கள். வளைவுக்குள் வெளிப்பக்கத்துக் காலைக் கீழே வைத்து அதன்மேல் எடையைப் போடுங்கள். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும், முன்சக்கரத்தில் அல்ல.

போக்குவரத்து வலப்புறம். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தவறுவதில்லை. தண்ணீர் பிடிக்க நிறுத்தி, காலிச் சாலையில் மறுபடி கிளம்பும்போதுதான் பழக்கதோஷத்தில் இடப்புறம் போய்விடுவோம். எதிரே வண்டி வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பழகினாலும் தப்பில்லை. ரவுண்டானாவில் இடப்பக்கம் பார்த்து உள்ளே நுழையுங்கள். ஊருக்கு வெளியே இடதுபுறம் திரும்ப வேண்டுமானால், அதற்கென்று தனித் தடம் இல்லாத இடத்தில், வலது ஓரமாக நின்று இரு பக்கமும் பார்த்துக் கடப்பதுதான் விதி.

ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். முந்திச் செல்லும் கார் உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டராவது விலகிப் போக வேண்டும், பெரும்பாலும் போகிறார்கள். அவசரத்துக்கு 112.

சாப்பாடும் ஒயினும்

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. தண்ணீர். இரண்டு வாழைப்பழம், நாலைந்து பேரீச்சை என்றால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். பசித்த பிறகு தின்றால் பிந்திவிட்டது, அந்த ஏற்றத்துக்கு உதவாது. முதல் முக்கால் மணியிலேயே தொடங்குங்கள்.

மலை ஊர்களில் கடைகள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பூட்டு. உணவகத்தில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத்தான் தொடங்கும். பன்னிரண்டுக்குப் பசித்தால் காப்பிக் கடையில் தக்காளி தேய்த்த ரொட்டியும் உருளைக்கிழங்கு முட்டை அடையும் கிடைக்கும். சைவர்கள் ‘வெஜிடேரியன்தான்’ என்று நம்பிக் காய்கறிப் பலகாரம் எதையும் வாங்கிவிட வேண்டாம். ‘கோகா’ என்கிற தட்டை ரொட்டியின் மேல் காய்களுக்கு நடுவே மத்தி மீன் படுத்திருக்கும். ‘சென்சே கார்ன், சென்சே பெய்ஷ்’, அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த ‘எஸ்காலிவாதா’ கேட்டால் நம் நாக்குக்கு நெருக்கம்.

பிரியோராத் ஒயினில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை போகும். நீர் வற்றிய உடம்பில் ஒரு கோப்பையே வேலையைக் காட்டும். சட்டமும் சும்மா விடாது. ஸ்பெயினில் ஆல்கஹால் வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும், ஊதும் காற்றில் லிட்டருக்கு 0.25 மி.கி. ஆகவே சுவை பார்ப்பதை மாலையில், வண்டியைப் பூட்டிய பிறகு வையுங்கள். பல நிலவறைகள் சிறியவை, முன்பதிவு இல்லாமல் போனால் கதவு திறக்காது. வாங்கிய பாட்டிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்குவது மட்டும் வேண்டாம். விழுந்தால் அது முதுகில்தான் உடையும்.

பஞ்சர்

சிலேட்டு ஆணிபோலக் குத்தாது, பிளேடுபோல அறுக்கும். டியூபைக் கழற்றியதும் புதியதை மாட்ட அவசரப்படாதீர்கள். காற்றடித்துப் பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்விலிருந்து அந்த இடத்துக்கு எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் டயரைச் சோதியுங்கள். வெறும் விரலால் தடவ வேண்டாம், கையுறையோ துணியோ வைத்து உள்பக்கமாகத் தடவினால் சில்லு துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மாட்டிய இரண்டாவது டியூப் அடுத்த வளைவைத் தாண்டாது. பக்கச்சுவர் கிழிந்திருந்தால் டயர்த் துண்டை உள்ளே வைத்து, அதன்மேல் டியூபை வைத்து, 50 பிஎஸ்ஐ மட்டும் அடித்து, மெதுவாக ஊர் சேருங்கள்.

மூன்றாம் நாள்: பொப்லெத், பிராதெஸ்

இரண்டாம் நாள் ஓய்வு. மூன்றாம் நாள் மலைக்கு மறுபுறம். லெய்தா போகும் ரயில் பாதையில் லெஸ்ப்லுகா தெ ஃபிராங்கோலி நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பொப்லெத் மடம் சில கிலோமீட்டர்தான், எளிது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய, சிஸ்டெர்சியர் என்ற துறவியர் சபையின் மடம், 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இதுவும் 1835-இல் காலியானதுதான். ஆனால் 1940-இல் துறவிகள் திரும்பி வந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். அரகோன் அரசர்களின் கல்லறைகள் தரையில் இல்லை, தேவாலயத்துக்குள் தாழ்ந்த வளைவுகளின் மேல் தூக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் கொன்கா தெ பர்பெரா வட்டாரத்தின் திராட்சை. இங்கத்திய தனி ரகம் ‘திரெபாத்’, பிரியோராத்தைவிட இலேசான ஒயின்.

பொப்லெத்திலிருந்து டி-700 சாலை காட்டுக்குள் நுழைந்து, 950 மீட்டரில் இருக்கும் பிராதெஸுக்கு ஏறும். லெஸ்ப்லுகாவிலிருந்து மொத்தம் 20 கி.மீ. போல. உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் மூன்று சதவீதம்கூட வராது. அதை நம்பாதீர்கள். தொடக்கத்து எளிய பகுதி அந்தக் கணக்கைக் கெடுத்து வைத்திருக்கிறது, உண்மையான ஏற்றம் மடத்துக்கு அப்பால்தான். வழியில் கடை இல்லை. இரண்டு 750 மி.லி. புட்டியையும் மடத்தருகிலேயே நிரப்புங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள்.

ஏறி முடித்ததும் செந்நிறக் கல்லில் கட்டிய ஊர். சதுக்கத்தின் நடுவே உருண்டையான கல் நீரூற்று, புட்டிக்கு அங்கே தண்ணீர். வியர்த்த பனியனோடு உட்கார வேண்டாம், கடற்கரையில் 25 பாகை இருக்கும் நாளிலும் இங்கே காற்று சில்லென்று இருக்கும். காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். விறைத்த விரலுக்குப் பிரேக் பிடிக்க வராது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தால், அடுத்த காப்பிக்கு நேரம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.